பாக்கியைக் காக்கும் கம்ப்யூட்டரும் கடைக்காரர் மானமும்



'கடன் அன்பை முறிக்கும்' என்ற பலகை மாட்டாத மளிகைக் கடையை நம் பக்கத்தில் காண்பது அரிது. அந்தப் பலகைக்குக் கீழேயே ஆணியில் பற்று நோட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். இதுதான் நம் வியாபாரம். கடன் கொடுக்காமல் மொத்த வியாபாரம் நடக்காது. கொடுத்த கடன் திரும்பாமல் போனால் மொத்த வியாபாரியே இருக்க மாட்டான். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒற்றையடிப் பாதையில்தான் நம் முன்னோர் நடந்தார்கள், நாமும் நடக்கிறோம்.

இப்போது அந்தப் பாதைக்கு விளக்குப் பிடிக்க ஒரு புதுச் சாதனம் வந்திருக்கிறது. 'இடர் மேலாண்மை மென்பொருள்' என்று பெயர் சொல்கிறார்கள். நமக்குப் புரிகிறபடி சொன்னால், யாருக்கு எவ்வளவு சரக்கைக் கடனுக்குக் கொடுக்கலாம், எந்தப் பாக்கி ஆபத்தில் இருக்கிறது, எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லும் கம்ப்யூட்டர் புரோகிராம். "இதைப் போட்ட மறுநாளே உங்கள் வாராக் கடன் நின்றுவிடும்" என்று சொல்லிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்தப் புரோகிராம் நமக்கு வேண்டும். ஆனால் இது கடையில் வாங்கி வந்து மாட்டிச் சுவிட்சைப் போடுகிற மின்விசிறி அல்ல. நம் பேரேட்டை வைத்துக்கொண்டு நாமே பக்கத்தில் உட்கார்ந்து கட்ட வைக்க வேண்டும். பழைய கணக்கோடு சேர்த்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். அது 'கொடுக்காதே' என்று சொன்னாலும், அந்த வார்த்தை ஒரு மனிதர் வாயிலிருந்துதான் வாடிக்கையாளர் காதில் விழ வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் பணம் போகும். சில சமயம் பணத்தைவிடப் பெரியதும் போகும். எங்கள் கடையில் இரண்டும் போயிற்று. அதனால்தான் எழுதுகிறோம்.

ஒரு லட்சம் போனால் ஐம்பது லட்சம்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. மொத்த வியாபாரத்தில் செலவு போக நூற்றுக்கு 2 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாடிக்கையாளரிடம் 1 லட்சம் ரூபாய் பாக்கி முழுகிவிட்டால், அந்தப் பள்ளத்தை நிரப்ப 50 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு விற்க வேண்டும். அந்த 50 லட்சத்துக்கும் மூட்டை தூக்க வேண்டும், வண்டி வாடகை கொடுக்க வேண்டும், புதிதாகக் கடன் கொடுக்கவும் வேண்டும்.

வரி வேறு இருக்கிறது. சமையல் எண்ணெய்க்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வாங்கியவர் பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், விற்ற மாதத்துக்கு உரிய வரியை அடுத்த மாதம் நாம் கட்டியாக வேண்டும். பாக்கி வாராமல் போய்விட்டது என்று சொல்லி அந்த வரியைத் திரும்பக் கேட்க ஜி.எஸ்.டி. சட்டத்தில் வழி இல்லை. ஆகவே சரக்கும் போகும், சரக்குக்குக் கட்டிய வரியும் போகும். இவ்வளவு பெரிய ஆபத்தை ஞாபகத்தையும் முகராசியையும் நம்பிச் சமாளிப்பது இனி நடக்காது. வாடிக்கையாளர் 40 பேராக இருந்த காலம் வேறு. 400 பேராக இருக்கும் காலம் வேறு.

பச்சை விளக்கில் போன பணம்

எங்கள் கடையில் 2019-ஆம் ஆண்டு ஒரு புரோகிராம் எழுதி வாங்கினோம். எழுதிக் கொடுத்த பையன் கெட்டிக்காரர். முதல் நாளே ஒரு கேள்வி கேட்டார்: "அண்ணாச்சி, நல்ல வாடிக்கையாளர்னு நீங்க யாரைச் சொல்வீங்க?" "வாரம் தவறாம பணம் கட்டுறவரைத்தான் தம்பி" என்று பதில் சொன்னோம். அவர் அப்படியே எழுதிவிட்டார். கடைசியாகப் பணம் வந்து 15 நாளுக்குள் இருந்தால் பெயருக்கு நேரே பச்சை. 15 நாளைத் தாண்டினால் மஞ்சள். 30 நாளைத் தாண்டினால் சிவப்பு. பார்க்க அழகாக இருந்தது. பேரேட்டைப் புரட்டும் பழக்கத்தை விட்டுவிட்டு வண்ணத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டோம்.

எங்களிடம் 22 வருடமாகச் சரக்கு எடுத்த ஒரு சில்லறைக் கடைக்காரர். வாரம் 25 ஆயிரம் ரூபாய்க்கு எடுப்பார், அதே அளவு கட்டுவார். பாக்கி ஒருநாளும் 60 ஆயிரத்தைத் தாண்டியதில்லை. 2022-ல் அவர் வாரம் 5 ஆயிரம் மட்டும் கட்ட ஆரம்பித்தார். சரக்கு மட்டும் பழையபடி 25 ஆயிரத்துக்குப் போயிற்று. வாரம் தவறாமல் பணம் வந்ததால் கம்ப்யூட்டரில் அவர் பெயர் பச்சையாகவே இருந்தது. கடன் வரம்பு 1 லட்சம் என்று போட்டிருந்தோம். அதைத் தாண்டும்போதெல்லாம் "பச்சைதானே" என்று சொல்லி வரம்பை உயர்த்திக்கொண்டே போனோம். 20 வாரம் கழித்து, கோர்ட்டு மூலம் தபால் வந்தது. அவர் ஐ.பி. கொடுத்துவிட்டார். எங்கள் பாக்கி 4 லட்சத்து 60 ஆயிரம். தபாலில் இருந்த பட்டியலில் எங்களோடு சேர்த்து 11 மொத்த வியாபாரிகள். 11 பேருமே அவர் தங்களிடம் மட்டும்தான் கடன் வைத்திருக்கிறார் என்று நினைத்தவர்கள்.

பிறகு பழைய கணக்குப்பிள்ளையோடு உட்கார்ந்து அந்தக் கணக்கை வரி வரியாகப் பார்த்தோம். எல்லாமே அதில் இருந்தது. பருப்பு, மிளகாய், புளி, சோப்பு என்று கலந்து எடுத்தவர், கடைசி இரண்டு மாதத்தில் சீனி மூட்டையும் எண்ணெய் டின்னும் மட்டுமே எடுத்திருக்கிறார். வந்த விலைக்கும் கீழே தள்ளினால் அன்றே ரொக்கமாகிற சரக்கு அவை. கடனுக்கு வாங்கி, ரொக்கத்துக்கு நட்டத்தில் விற்று, அந்த ரொக்கத்தில் வேறு கடனை அடைத்திருக்கிறார். நம் அப்பா காலத்துக் கணக்குப்பிள்ளை ஒருவர் பேரேடு எழுதியிருந்தால் நாலாவது வாரமே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "முதலாளி, இதைக் கொஞ்சம் பாருங்க" என்றிருப்பார்.

புரோகிராம் எழுதியவர் மீது தவறு இல்லை. நாங்கள் சொன்ன பதிலைத்தான் அது திரும்பச் சொன்னது. அந்தப் பதிலே தவறு. வாடிக்கையாளர் கடைசியாக எப்போது பணம் கட்டினார் என்பது கேள்வி அல்ல. கட்டாமல் கிடக்கும் மிகப் பழைய பில் எத்தனை நாள் பழசு என்பதுதான் கேள்வி.

பெரிய பேங்கும் சறுக்கியது

மளிகைக் கடைக்காரர் மட்டும் இப்படி ஏமாறவில்லை. அமெரிக்காவின் மிகப் பெரிய பேங்கான ஜே.பி. மார்கன் சேஸ், 2012-ல் தன் லண்டன் அலுவலகத்தில் குறைந்தது 620 கோடி டாலர் இழந்தது. அங்கே ஒரு நாளில் சாதாரணமாக எவ்வளவு வரை நட்டம் வரக்கூடும் என்று கணக்கிட ஒரு முறை வைத்திருந்தார்கள். 2012 ஜனவரியில் அந்தக் கணக்கு, அனுமதித்த வரம்பைத் தாண்டிவிட்டது என்று எச்சரித்தது. அதே மாதம் அவர்கள் புதுக் கணக்கு முறையைக் கொண்டுவந்தார்கள். நட்டத் தொகை பாதியாகக் குறைந்து காட்டியது, எச்சரிக்கையும் மறைந்தது.

பின்னால் பேங்க் நடத்திய விசாரணையில் விஷயம் வெளிவந்தது. அந்தப் புது முறை எக்ஸெல் தாள்களில், கையால் எடுத்து ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு இடத்தில், சராசரியால் வகுக்க வேண்டியதைக் கூட்டுத்தொகையால் வகுத்திருந்தார்கள். நம் சரக்கில் சொல்வதானால், துவரம் பருப்பு 100 ரூபாயிலிருந்து 120 ரூபாய் ஆகிறது. வித்தியாசம் 20. சராசரி விலையான 110-ஆல் வகுத்தால் ஏற்ற இறக்கம் 18 சதவீதம். இரண்டையும் கூட்டி 220-ஆல் வகுத்தால் 9 சதவீதம்தான். ஆபத்து பாதியாகத் தெரிகிறது; உண்மையில் ஒரு பைசாகூடக் குறையவில்லை. அந்தப் பெரு நட்டத்துக்கு இந்த ஒரு தவறு மட்டும் காரணம் அல்ல. ஆனால் கேட்க இனிமையாக இருக்கும் பதிலை யாரும் திருப்பிக் கேட்கவில்லை என்பதுதான் இதில் நமக்குப் பாடம். கம்ப்யூட்டர் ஆபத்து இல்லை என்று சொல்லும்போதுதான் பேரேட்டை எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஒரே நாளில் பூட்டு போட்டோம்

எங்கள் இரண்டாவது தவறு இன்னும் பெரியது. 4 லட்சத்து 60 ஆயிரம் போன கோபத்தில், அடுத்த வாரமே புரோகிராமில் பூட்டு போடச் சொன்னோம். சிவப்பு என்றால் பில்லே விழாது. யாரையும் கேட்க வேண்டாம், கம்ப்யூட்டரே நிறுத்திவிடும். ஓட்டிப் பார்க்காமல், பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்காமல், ஒரு சனிக்கிழமை காலை வியாபாரம் நெருக்கும் நேரத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தோம்.

அன்று பக்கத்து ஊர்க் கடைக்காரர் ஒருவர் சரக்கு எடுக்க வந்தார். 18 வருடப் பழக்கம். ஒருநாளும் பாக்கி இழுக்காதவர். மூட்டைகளை வண்டியில் ஏற்றியாகிவிட்டது. பில் விழவில்லை. திரையில் சிவப்பு. பில் போடும் பையன், சுமை தூக்குபவர்கள் முன்னாலும் மற்ற வாடிக்கையாளர்கள் முன்னாலும், "உங்களுக்குக் கடன் நிப்பாட்டியிருக்கு சார், சரக்கை இறக்கணும்" என்று சொல்லிவிட்டார். அவர் உள்ளே வந்து எங்களிடம் கேட்டார்: "அண்ணாச்சி, பதினெட்டு வருசமா உங்ககிட்ட வாங்குறேன். இன்னைக்கு உங்க மிஷின்தான் என்னை நம்பலையா, இல்ல நீங்களும் நம்பலையா?"

பதில் சொல்ல முடியவில்லை. அன்று சாயந்தரம்தான் தெரிந்தது, முந்தின மாதமே அவர் மருமகன் போனிலிருந்து பணம் அனுப்பியிருக்கிறார். பெயர் வேறாக இருந்ததால் யார் பணம் என்று தெரியாமல், எங்கள் கணக்கிலேயே 'சஸ்பென்ஸ்' தலைப்பில் கிடந்திருக்கிறது. தவறு முழுக்க எங்களுடையது. மறுநாள் அவர் கடைக்கே போய் வருத்தம் தெரிவித்தோம். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து மரியாதையாக அனுப்பினார். சரக்கு மட்டும் இன்றுவரை எங்களிடம் எடுக்கவில்லை. முதல் தவறில் போன பணத்தை மூன்று வருடத்தில் சம்பாதித்துவிட்டோம். இந்த மனிதரைச் சம்பாதிக்க முடியவில்லை.

முக்கால் மணி நேரத்தில் 46 கோடி டாலர்

புரோகிராமைக் கட்டுவதைவிட, அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் நாள்தான் ஆபத்தானது என்பதற்கு அமெரிக்காவிலேயே இன்னொரு சாட்சி உண்டு. நைட் கேபிடல் என்பது நியூயார்க் பங்குச் சந்தையில் பெரிய தரகு நிறுவனம். 2012 ஆகஸ்ட் 1-ஆம் தேதி ஒரு புதுப் புரோகிராமை ஆரம்பித்தார்கள். மொத்தம் 8 கம்ப்யூட்டர்களில் அதைப் போட வேண்டும். 7-ல் போட்டார்கள், ஒன்றை மறந்துவிட்டார்கள். இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுதிய விதி அங்கே இல்லை. விட்டுப்போன அந்த ஒரு கம்ப்யூட்டரில், 2003-க்குப் பிறகு உபயோகத்தில் இல்லாத பழைய புரோகிராம் ஒன்று அழிக்கப்படாமல் கிடந்தது. சந்தை திறந்ததும் அது விழித்துக்கொண்டது. 212 சிறு ஆர்டர்களை நிறைவேற்ற வேண்டிய இடத்தில், சுமார் 45 நிமிடத்தில் 40 லட்சம் வியாபாரங்களைச் செய்து தள்ளியது. நட்டம் 46 கோடி டாலருக்கு மேல்.

இதில் இரண்டு விஷயங்களை நம் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டும். சந்தை திறப்பதற்கு முன்பே அவர்களுடைய கம்ப்யூட்டர் 97 எச்சரிக்கைத் தபால்களைத் தானாக அனுப்பியிருந்தது. அவற்றை யாரும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்து, தவறு தெரிந்ததும் பதற்றத்தில், சரியாக இருந்த 7 கம்ப்யூட்டர்களிலிருந்தும் புதுப் புரோகிராமை எடுத்தார்கள். உடனே அந்த 7-லும் பழைய புரோகிராம் ஓட ஆரம்பித்து நட்டம் பெருகியது. எப்படி நிறுத்துவது என்பதை ஆரம்பிப்பதற்கு முன்பே எழுதி வைக்காதவர்களுக்கு நேர்ந்த கதி இது. மறு வருடம் அந்த நிறுவனம் வேறொன்றோடு இணைக்கப்பட்டுவிட்டது.

கம்ப்யூட்டர் சொன்னதால் திருடர் ஆனவர்கள்

இனிச் சொல்லப்போவது நம்மைப் போன்ற கடைக்காரர்கள் கதை. இங்கிலாந்தில் பல ஊர்களில் சில்லறைக் கடைக்குள்ளேயே தபால் அலுவலகக் கவுண்டரும் இருக்கும். கடைக்காரரே அதை நடத்துவார். 1999-லிருந்து அந்தக் கவுண்டர்களில் 'ஹொரைசன்' என்ற கணக்குப் புரோகிராமைப் போட்டார்கள். ஃபுஜிட்சு நிறுவனம் கொடுத்தது. அதன் பிறகு பல கடைகளில் கல்லாவில் பணம் குறைவதாகக் கம்ப்யூட்டர் சொன்னது. ஒப்பந்தப்படி குறைவைக் கடைக்காரரே கட்ட வேண்டும். பலர் சேமிப்பைப் போட்டார்கள், உறவினரிடம் கடன் வாங்கிக் கட்டினார்கள். கட்டமுடியாதவர்கள் மீதும் கட்டியவர்கள் மீதும் திருட்டு வழக்கும் பொய்க் கணக்கு வழக்கும் பாய்ந்தன. 1999-க்கும் 2015-க்கும் இடையில் 900-க்கு மேற்பட்டவர்கள் மீது வழக்குத் தொடரப்பட்டது. இந்திய வம்சாவளிப் பெண் ஒருவர், கருவுற்றிருந்த நிலையில் 2010-ல் சிறைக்கு அனுப்பப்பட்டார்.

2019 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம், 555 பேர் சேர்ந்து போட்ட வழக்கில், அந்தப் புரோகிராமில் பிழைகளும் குறைபாடுகளும் இருந்தன, கடைக் கணக்கில் அவற்றால் குறைவு காட்டியிருக்க முடியும் என்று தீர்ப்பளித்தது. அந்தப் பெண்ணின் தண்டனை 2021-ல் ரத்தாயிற்று. 2024-ல் பாராளுமன்றமே தனிச் சட்டம் போட்டு நூற்றுக்கணக்கான தண்டனைகளை ரத்து செய்ய வேண்டி வந்தது. 20 வருடத்துக்கு மேல் எத்தனையோ கடைக்காரர்கள் "நாங்கள் எடுக்கவில்லை" என்று சொன்னார்கள். "கம்ப்யூட்டர் பொய் சொல்லாது" என்ற ஒரு நம்பிக்கை அவர்களை எல்லாம் பொய்யர்களாக்கிவிட்டது.

இதைப் படித்தபோது எங்களுக்கு அந்தச் சனிக்கிழமைதான் ஞாபகம் வந்தது. அளவு சிறிது, குற்றம் அதேதான். ஒரு மனிதர் சொல்வதைக் கேட்பதற்கு முன்பு திரை சொல்வதைக் கேட்டோம்.

திரும்பக் கட்டியது எப்படி

2023-ல் மறுபடியும் ஆரம்பத்திலிருந்து கட்டினோம். இந்த முறை கேள்வியை மாற்றினோம். எங்கள் வியாபாரத்தில் இதுவரை கெட்டுப்போன 12 பாக்கிகளின் பழைய பேரேடுகளை எடுத்து வைத்தோம். ஒவ்வொன்றும் கெடுவதற்கு மூன்று மாதம் முன்பு கணக்கில் என்ன தெரிந்தது என்று பின்னோக்கிப் பார்த்தோம். நல்ல கணக்குகளைவிடக் கெட்ட கணக்குகள்தான் நல்ல வாத்தியார்கள். அதில் கண்டதை வைத்து, புரோகிராம் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். தீராமல் கிடக்கும் மிகப் பழைய பில் எத்தனை நாள் பழசு. கடந்த 8 வாரத்தில் எடுத்த சரக்குக்கும் கட்டிய பணத்துக்கும் எவ்வளவு இடைவெளி. எடுக்கும் சரக்கின் வகை திடீரென்று மாறியிருக்கிறதா. இவற்றோடு, லைனுக்குப் போகும் விற்பனையாளர் தன் கண்ணால் கண்டதை எழுத ஒரு இடமும் வைத்தோம். எதிரே புதுக் கடை வந்திருக்கிறது, பங்காளிச் சண்டை, வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு என்பதெல்லாம் எந்தக் கம்ப்யூட்டருக்கும் தானாகத் தெரியாது.

சட்டத்தின் கெடு நாட்களையும் அதிலேயே சேர்த்தோம். செக் திரும்பினால், பேங்கிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால், அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். சரக்கு விற்ற பாக்கிக்கு 3 வருடம் காலவரம்பு; அதற்குள் வாடிக்கையாளரிடம் பாக்கி ஒப்புதல் கையெழுத்து வாங்கினால் அன்றிலிருந்து புதிதாக 3 வருடம். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், வாங்கியவர் எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதையும் அவருக்கு முன்கூட்டி ஞாபகப்படுத்தலாம். அது அவருக்கும் நன்மை, நமக்கும் வசூல். நாள் தவறிக் கைவிட்டுப்போன பாக்கிகள் நம் கடைவீதியில் எத்தனை என்று அவரவர் மனசாட்சிக்குத் தெரியும்.

பிறகு ஆடியிலிருந்து ஐப்பசி வரை நாலு மாதம், பழைய கணக்கோடு சேர்த்து ஓட்டினோம். வியாபாரம் மந்தமான ஆடியையும் தீபாவளி நெருக்கத்தையும் இரண்டையும் பார்க்க வேண்டும் அல்லவா? அந்த நாலு மாதமும் புரோகிராம் யாரையும் நிறுத்தவில்லை. காலையில் ஒரு பட்டியல் மட்டும் கொடுக்கும். கணக்குப்பிள்ளை தன் பட்டியலைத் தனியாக எழுதுவார். இரண்டையும் ஒத்துப் பார்ப்போம். தீபாவளிக்குச் சரக்கு இரட்டிப்பாக எடுத்தவர்கள் எல்லாரையும் ஆபத்து என்றது, திருத்தினோம். ஒரே பெயரில் இருந்த இரண்டு கடைகளின் வரவைக் குழப்பியது, திருத்தினோம். கணக்குப்பிள்ளை கவனிக்காத ஒரு கணக்கைப் புரோகிராம் பிடித்துக் கொடுத்ததும் உண்டு. அவரே அதை ஒத்துக்கொண்டார்.

இப்போதும் எங்கள் கடையில் பூட்டு கிடையாது. 'பார்க்கவும்' என்று மட்டும் வரும். முதலாளியோ மகனோ, சரக்கு ஏற்றுவதற்கு முன்பு, அந்தக் கடைக்காரரிடம் தனியாகப் பேச வேண்டும். வரம்பை உயர்த்தினால் யார் உயர்த்தியது, ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். யாருடையது என்று தெரியாத வரவு ஒன்று கிடந்தால்கூட, அதைத் தீர்க்காமல் அன்றைய பட்டியலை எடுக்கக் கூடாது.

சங்கம் செய்ய வேண்டியது

பாக்கி வைத்து ஓடியவர்கள் பெயரை எல்லாம் சங்கத்தில் ஒரே பட்டியலாகச் சேர்த்து, எல்லாருடைய கம்ப்யூட்டரிலும் போட்டுவிடலாம் என்று உறுப்பினர்கள் சிலர் சொல்கிறார்கள். 11 பேரில் ஒருவராக ஏமாந்த எங்களுக்கும் அந்த ஆசை வந்தது உண்மை. ஆனாலும் இதை நாங்கள் எதிர்க்கிறோம். எங்கள் ஒரு கடையில் ஒரு தவறான பதிவு 18 வருட உறவை முறித்தது. அதே தவறு பொதுப் பட்டியலில் ஏறினால் ஒரு சில்லறை வியாபாரிக்கு எந்த மண்டியிலும் சரக்குக் கிடைக்காது. அவர் கடையே மூடிப்போகும். கடன் தகவலைத் திரட்டிப் பிறருக்குக் கொடுக்கும் தொழிலுக்கு 2005-ஆம் ஆண்டுச் சட்டமும் ரிசர்வ் பேங்க் பதிவும் இருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது.

அதற்குப் பதிலாகச் சங்கம் மூன்று காரியம் செய்யட்டும். முதலாவது, நம் தொழிலுக்கு எப்படிப்பட்ட புரோகிராம் வேண்டும் என்று நம் வார்த்தையில், தமிழில், ஒரு தேவைப் பட்டியல் தயாரிக்கட்டும். விற்க வருபவரிடம் அதைக் கொடுத்து, "இதில் எது உண்டு, எது இல்லை" என்று கேட்போம். நாம் ஏற்கெனவே வைத்திருக்கும் டாலி போன்ற கணக்குப் புரோகிராம்களிலேயே கடன் வரம்பும் கெடு நாளும் போட இடம் உண்டு. அதைக்கூட நம்மில் பலர் நிரப்பவில்லை. இரண்டாவது, புதிதாக எதையும் ஐந்து கடைகளில் ஒரு பருவம் ஓட்டிப் பார்த்து, அதில் கண்ட பிழைகளை இந்த இதழில் வெளியிட்ட பிறகே மற்றவர்களுக்குச் சிபாரிசு செய்யட்டும். மூன்றாவதுதான் முக்கியம். எந்தப் புரோகிராமாக இருந்தாலும், சில்லறைக் கடைக்காரர் தன் கணக்கைத் தன் போனில் தினமும் பார்க்க வழி இருக்க வேண்டும். எந்த பில், எந்த வரவு, என்ன பாக்கி என்று அவருக்கும் தெரிய வேண்டும். தவறு என்றால் அன்றே சொல்ல வேண்டும்.

இது ஒன்றும் புது யோசனை அல்ல. நம் அப்பா காலத்தில் பேரேடு மண்டியில் இருக்கும். பற்று வரவு நோட்டு வாடிக்கையாளர் பையில் இருக்கும். சரக்கு எடுக்கும்போதும் பணம் கட்டும்போதும் இரண்டிலும் எழுதி, இரண்டையும் ஒத்துப் பார்ப்பார்கள். ஒரே கணக்கு இரண்டு பேர் கையில் இருந்தது. மருமகன் பெயரில் வந்த அந்தப் பணத்தை அவர் தன் போனில் தேடியிருந்தால், "அண்ணாச்சி, என் வரவு ஏறலையே" என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். கம்ப்யூட்டர் வந்தபோது நாம் பேரேட்டை அதற்குள் ஏற்றினோம். வாடிக்கையாளர் பையில் இருந்த நோட்டை மட்டும் மறந்துவிட்டோம். அதை முதலில் திருப்பிக் கொடுப்போம்.